வேலூர் மைலேஜ் டிரைவிங் கிளாஸ்: பெட்ரோல் மிச்சம் ஆவுது சரி, பின்னாடி வர்றவன் கதி?

மொதல்ல மார்க்க சொல்லிடறேன், அஞ்சுக்கு மூணே முக்கால். ஹைவே பாடத்துக்கும் மலை பாடத்துக்கும் முழு மார்க்கு, சிக்னல் பாடத்துக்கு ஒரு மார்க் போடக்கூட மனசு வரல, மீதி எல்லாம் பரவால்ல ரகம். ஏன் இப்படி பிரிச்சு போடறேன்னா இந்த கிளாஸ்ல சொல்லித்தர்ற சில பழக்கம் உங்க பெட்ரோலயும் மிச்சம் பண்ணுது பின்னாடி வர்ற நூறு பேருக்கும் ரோட்ட லேசாக்குது, சில பழக்கம் உங்க பர்ஸ்ல நாலு ரூபா மிச்சம் பண்ணி பின்னாடி நிக்கறவன் தலைல நாப்பது ரூபா கட்டுது. ரெண்டையும் ஒரே பேர்ல ஒரே மாஸ்டர் ஒரே வாயில சொல்லித்தர்றாரு, அதான் பிரச்சன.

கம்மி பெட்ரோல்ல வண்டி ஓட்ட சொல்லித்தர்ற கிளாஸ் இது, வேலூர் சத்துவாச்சாரி பக்கம் இருக்கற ஒரு டிரைவிங் ஸ்கூல்ல நடக்குது. பேர் போடல, கீழ கழுவி ஊத்தவும் செஞ்சிருக்கேன், எதுக்கு வம்பு, அந்த ஏரியால விசாரிச்சா தெரிஞ்சுடும். லைசென்ஸ் எடுத்து வண்டி ஓட்டிகினு இருக்கறவங்களுக்கு மட்டும் வார கடைசில நடக்குது, உங்க சொந்த கார்லயே ஓட்டலாம், ஃபீஸ் ரெண்டாயிரத்து சொச்சம், மலை கிளாஸ் வேணும்னா தனி காசு. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய தாண்டி எவ்ளோ நாளாச்சு, அதுல இப்ப 20 பர்சன்ட் எத்தனால் வேற, எத்தனால்ல இருக்கற எனர்ஜி பெட்ரோல்ல மூணுல ரெண்டு பங்கு தான்றதால அதே காசுக்கு வண்டி முன்ன மாதிரி ஓட மாட்டேங்குது. அந்த கடுப்புல தான் நான் சேந்தேன், எங்க பேட்ச்ல வந்த எல்லாருமே அந்த கடுப்புல தான் வந்தாங்க. என்னோடது வேகன் ஆர் மேனுவல், பெட்ரோல்.

ரெண்டு மாஸ்டர் இருக்காங்க. பெரிய மாஸ்டர் கவர்மெண்ட் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு, இந்த கிளாஸோட உயிரே அவரு தான். கவர்மெண்ட் பஸ் டிப்போல கே.எம்.பி.எல்னு ஒரு கணக்கு உண்டு தெரியுமா, லிட்டருக்கு எத்தினி கிலோமீட்டர் குடுத்தாங்கன்னு ஒவ்வொரு டிரைவர் பேர்லயும் கணக்கு பாப்பாங்க, கொறஞ்சா கூப்ட்டு கேள்வி கேப்பாங்க. பஸ்ஸுக்கு லிட்டருக்கு அஞ்சு அஞ்சரை கிடைக்கறதே பெரிய விஷயம், அதுல ஒரு பாயின்ட் கூட்டறதுக்கு மனுஷன் வாழ்நாள் பூரா மண்டைய ஒடச்சிருக்காரு. அம்பது சீட்டுல எண்பது பேர ஏத்திகினு பிரேக்க தொடாம ஸ்டாப்ல கொண்டாந்து நிறுத்தின கை, அந்த நிதானம் அவர் பேச்சுலயும் இருக்கு. சின்ன மாஸ்டர் பையன் சுறுசுறுப்பு தான், ஆனா அவர் சொல்றதுல பாதிய வீடியோ பாத்து கத்துகிட்டாரோன்னு எனக்கு டவுட்டு, அத அப்புறம் சொல்றேன்.

மொத கிளாஸ் டயர் காத்து, வண்டில இருக்கற லக்கேஜ், ஏர் ஃபில்டர் இதெல்லாம். சீக்கிரம் முடிச்சுட்டாங்க, நல்லது. ஒரே ஒரு விஷயம் மட்டும் உருப்படி: காத்து காலைல டயர் சூடாகறதுக்கு முன்னாடி அடிக்கணும், நம்ம ஊர் மே மாச வெயில்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு பங்க்ல போய் செக் பண்ணா மீட்டர் அதிகமா காட்டும், உடனே பையன் காத்த எறக்கி வுட்டுடுவான், ராத்திரி டயர் ஆறினப்புறம் பாத்தா கொறஞ்சு கெடக்கும். காத்து அழுத்தம் எவ்ளோ பிஎஸ்ஐன்னு டிரைவர் கதவ தொறந்தா அங்கயே ஸ்டிக்கர்ல இருக்கு, பங்க் பையன் சொல்ற முப்பத்தஞ்சு எல்லா வண்டிக்கும் இல்ல.

அப்புறம் ஏசி. "ஏசிய ஆஃப் பண்ணுங்க, கண்ணாடிய எறக்குங்க, டவுன்ல மைலேஜ் வரும்"னாரு சின்ன மாஸ்டர். உண்மை தான், கம்மி ஸ்பீடுல ஏசி கம்ப்ரஸர் நல்லாவே தின்னும், ஹைவேல கண்ணாடிய எறக்கினா காத்து இழுவைக்கு ஏசியே தேவலாம். ஆனா இத அவர் சொன்னது பதினோரு மணிக்கு, கலெக்டர் ஆபீஸ் எதிர்ல, வேலூர் வெயில்ல. பேட்ச்ல ஒருத்தர் கூட கண்ணாடிய எறக்கல. ஆஸ்பத்திரில வேலை பாக்கற ஒரு அக்கா மட்டும் "மாஸ்டர், மிச்சம் ஆவற காசு குளுக்கோஸுக்கு சரியா போயிடும்"னு சொன்னாங்க, அதோட அந்த பாடம் க்ளோஸ்.

இப்ப மெயின் விஷயத்துக்கு வர்றேன்.

பெரிய மாஸ்டரோட ஹைவே பாடம். கிரீன் சர்க்கிள் ஜங்ஷன் தாண்டி பெங்களூர் ரோட்ல ஏறி பள்ளிகொண்டா டோல் வரைக்கும் போயிட்டு திரும்பறது, அவ்ளோ தான். ஏறின உடனே அவர் சொன்னது, "முன்னாடி போற வண்டிய பாக்காத சார், அதுக்கும் முன்னாடி போறத பாரு, அதுக்கும் முன்னாடி ரோடு இன்னா பண்ணுதுன்னு பாரு." அவ்ளோ தூரம் பாத்தா இன்னா ஆவும்னா அங்க ஒரு லாரி பிரேக் லைட் எரிஞ்ச உடனே நீங்க ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துடலாம், கியர்லயே வண்டி தானா ஸ்பீடு கொறையும், நீங்க அங்க போய் சேர்றதுக்குள்ள அந்த லாரி மறுபடி கெளம்பி இருக்கும், பிரேக்கே அடிக்காம போயிகினே இருக்கலாம்.

இதுல எவ்ளோ மிச்சம்னு வீட்டுக்கு வந்து ஒரு கணக்கு போட்டேன். ஆளுங்களோட சேத்து ஒரு டன்னு எடை வர்ற சின்ன கார் 80ல போயிகினு இருக்குன்னு வெச்சுக்குங்க, அந்த வேகத்துக்கு கொண்டு வர்றதுக்கு மட்டும் இன்ஜின் சுமாரா 30 மில்லி பெட்ரோல் எரிச்சிருக்கும், அதாவது மூணு ரூபா. நீங்க பிரேக்க மிதிச்சு நிறுத்தினா அந்த மூணு ரூபாயும் பிரேக் பேடுல சூடா போயிடும். சும்மா ஒரு தடவ பயந்து அடிக்கற பிரேக்குக்கு காசு இருக்குன்னு அன்னிக்கு தான் புத்தில ஒறச்சுது. அதே கால எடுத்து கியர்ல உருள விட்டா, பெட்ரோல கம்ப்யூட்டர் அளந்து பீச்சற இன்ஜெக்ஷன் வண்டில பெட்ரோல் சப்ளையே நின்னு போவும், சக்கரம் தான் இன்ஜின சுத்தி வுடுது, ஆர்பிஎம் ரொம்ப கீழ எறங்கற வரைக்கும் ஒரு சொட்டு உள்ள போகாது.

ஆனா இந்த பாடத்துக்கு நான் முழு மார்க் போட்டது என் பெட்ரோலுக்காக இல்ல. பின்னாடி வர்றவங்களுக்கு இது இன்னா பண்ணுதுன்றதுக்காக. ஜப்பான்ல நகோயா யுனிவர்சிட்டி சுகியாமா டீம் 2008ல ஒரு சோதனை ரிசல்ட்ட வெளியிட்டாங்க, 230 மீட்டர் சுத்தளவு இருக்கற ஒரு வட்டத்துல 22 கார விட்டு எல்லாரையும் ஒரே மாதிரி முப்பது கிலோமீட்டர் வேகத்துல ஓட்ட சொன்னாங்க. சிக்னல் இல்ல, குறுக்க மாடு இல்ல, ஆக்சிடென்ட் இல்ல, ரோட்ல பள்ளம் இல்ல. கொஞ்ச நேரத்துல யாரோ ஒருத்தர் லேசா ஸ்பீடு கொறைக்கறாரு, பின்னாடி இருக்கறவர் அத விட கொஞ்சம் அதிகமா கொறைக்கறாரு, அவருக்கு பின்னாடி அதவிட அதிகம், கடைசில ஒரு கார் முழுசா நின்னே போவுது. ஜாம் தானா உருவாகி பின்பக்கமா மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துல நகருது. நம்ம ஹைவேல ஆம்பூர் கிட்டயோ வாலாஜா டோல் தாண்டியோ ஒண்ணுமே இல்லாத எடத்துல வண்டி எல்லாம் நின்னு அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி கெளம்புதே, அதுல பாதி இந்த கேஸ் தான், மீதி பாதி கவுந்த லாரிய எதிர்ப்பக்க ரோட்ல இருந்து வேடிக்கை பாக்கறவங்க.

அமெரிக்கால அரிசோனால இதே மாதிரி ஒரு வட்டத்துல ஒரு படி மேல போனாங்க. இருபது சொச்சம் கார்ல ஒரே ஒரு கார மட்டும் கம்ப்யூட்டர் கன்ட்ரோல்ல நிதானமா, கேப் விட்டு, முன்னாடி இருக்கறவன் தடால் தடால்னு ஓட்டினாலும் இது ஆவரேஜ் ஸ்பீடுலயே போற மாதிரி விட்டாங்க. அந்த ஒரே வண்டியால பின்பக்கமா நகர்ற அந்த ஜாம் அலை அடங்கி போச்சு, மொத்த கூட்டத்தோட பெட்ரோல் செலவு 40 பர்சன்ட் வரைக்கும் கொறஞ்சுதுன்னு 2018ல பேப்பர் போட்டாங்க. 2022 நவம்பர்ல நாஷ்வில் ஊர் ஹைவேலயே நூறு கார விட்டு பெரிய அளவுல டெஸ்ட் பண்ணாங்க. கம்ப்யூட்டர் பண்ண அதே வேலைய தான் நம்ம பெரிய மாஸ்டர் பல வருஷமா பஸ்ல பண்ணிகினு இருந்திருக்காரு, அவருக்கு இந்த பேப்பர் எல்லாம் தெரியாது, கே.எம்.பி.எல் கொறஞ்சா டிப்போல கேள்வி கேப்பாங்கன்றது மட்டும் தான் தெரியும்.

நீங்க கேக்கப்போற கேள்வி எனக்கு தெரியும், கேப் வுட்டா நடுவுல பூந்துடுவானே. கிளாஸ்லயும் அந்த அக்கா இத தான் கேட்டாங்க, "மாஸ்டர், நான் எடம் வுட்டா ரெண்டு பைக்கு ஒரு ஷேர் ஆட்டோ பூருது, பின்னாடி இருக்கறவன் ஹாரன் அடிக்கறான், இன்னா பண்றது?" மாஸ்டர் சொன்ன பதில்: "பூந்தா பூந்துட்டு போட்டும்மா, நீ மறுபடி கேப் வுடு." அக்காக்கு திருப்தி இல்ல. ஆனா யோசிச்சு பாருங்க, ஒரு வண்டி உங்க முன்னாடி பூந்தா உங்களுக்கு ஆவற நஷ்டம் ரெண்டு செகண்டு. பள்ளிகொண்டா போறதுக்குள்ள பத்து பேர் பூந்தாலும் இருபது செகண்டு தான் லேட்டு. மனசுக்கு தான் நம்மள எல்லாரும் தாண்டிட்டாங்கன்னு ஒரு எரிச்சல், வாட்ச்சுக்கு அது தெரியறதே இல்ல. ஹைவேக்கு மட்டும் தான் இது சரி, சாயங்காலம் கிரீன் சர்க்கிள் அடில போய் மூணு கார் கேப் விட்டு நின்னீங்கன்னா அந்த எடத்துல ஒரு பஸ்ஸ கொண்டாந்து குறுக்க நிறுத்திடுவாங்க, அங்க உங்க மைலேஜ் ஃபிலாசஃபிய மடிச்சு டேஷ்போர்டுல வெச்சுடணும்.

ஸ்பீடு விஷயத்துல மட்டும் அவரோட எனக்கு ஒத்து வரல. மைலேஜுக்கு 45ல இருந்து 55 தான் நல்லதுன்னு சொல்றாரு, பிசிஆர்ஏன்ற சென்ட்ரல் கவர்மெண்ட் பெட்ரோல் சிக்கன அமைப்பும் அத தான் வருஷக்கணக்கா சொல்லுது, கணக்கு படி தப்பே இல்ல, காத்து இழுவை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 80ல இருந்து 100க்கு போனா காத்து தள்ளற விசை மட்டும் 56 பர்சன்ட் கூடிடும். ஆனா நம்ம ஹைவேல 50ல போனா இன்னா நடக்குது? பின்னாடி வர்ற ஒவ்வொருத்தனும் லேன் மாத்தி உங்கள தாண்டணும், மாத்தறப்ப பக்கத்து லேன்காரன் பிரேக் அடிக்கணும், நீங்க மிச்சம் புடிச்ச பெட்ரோல அவனுங்க பத்து பேர் சேந்து எரிப்பாங்க. லெஃப்ட்ல போனா சரிதான்னு மாஸ்டர் சொல்வாரு. நம்ம ஹைவே லெஃப்ட் ஓரத்துல எதிர்ல ஒன்வேல வர்ற பைக்கு, இண்டிகேட்டர் இல்லாம நிக்கற லாரி, டிராக்டர், ஷிஃப்ட் முடிஞ்சு ஆள எறக்கற ஷூ கம்பெனி பஸ்ஸு எல்லாம் இருக்கு, அங்க 50ல மூணு லாரிக்கு நடுவுல போறது எனக்கு பயம். நான் இப்ப 75, 80ல லெஃப்ட்லயே போறேன், தாண்டறதுக்கு மட்டும் ரைட்டு, தாண்டின உடனே திரும்ப லெஃப்ட்டு. சென்னைக்கு கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர், 100ல போறதுக்கும் 80ல போறதுக்கும் வித்தியாசம் இருபது நிமிஷம் தான், அந்த இருபது நிமிஷத்த ஸ்ரீபெரும்புதூர் டிராஃபிக்ல எப்படியும் தொலைக்கத்தான் போறோம்.

ஆனா 50ல ரைட் லேன்ல போறவங்கள பத்தி ஒரு வார்த்த. கிளாஸ் முடிச்சுட்டு புதுசா மைலேஜ் பைத்தியம் புடிச்சவங்க பண்ற மொத வேலை இது தான், எங்க பேட்ச்லயே ஒருத்தர் பண்ணாரு. அவருக்கு மீட்டர்ல 24 காட்டுது, பின்னாடி இருபது வண்டி லைட் போட்டு லெஃப்ட்ல தாண்டுது. மாஸ்டர் இத கண்டிக்கல, அதுக்கு தான் மொத்த மார்க்குல கால் மார்க் கட்.

இப்ப சிக்னல் பாடம். இத பத்தி எழுதணும்னு தான் இந்த ரிவ்யூவே ஆரம்பிச்சேன்.

பச்சை விழுந்ததும் ஆக்சிலேட்டர "பச்சக் கொழந்த தூங்கற தொட்டில ஆட்டற மாதிரி" மிதிக்கணுமாம். அழகா தான் இருக்கு கேக்க. நடைமுறைல இன்னா ஆச்சுன்னா காட்பாடி ரோடு சிக்னல்ல மொத வண்டியா நின்ன எங்க பேட்ச் கார் ஒண்ணு பச்சை விழுந்து எல்லாரும் ஹாரன் அடிச்சு முடிச்சப்புறம் தான் கோட்ட தாண்டுச்சு. கணக்கு பாருங்க, அதே ஒரு டன்னு கார நின்ன எடத்துல இருந்து 40க்கு கொண்டு வர்றதுக்கு மொத்தமே 8 மில்லி பெட்ரோல் தான் ஆவும். நீங்க எவ்ளோ தொட்டில் ஆட்டினாலும் அதுல மிச்சம் ஆவறது ஒண்ணு ரெண்டு மில்லி, இருபது பைசா. இந்த பக்கம் பாருங்க, வரிசைல நிக்கற வண்டிங்க சிக்னல்ல ரெண்டு செகண்டுக்கு ஒண்ணுன்ற கணக்குல தான் வெளிய வரும். முன்னாடி இருக்கறவர் நாலு செகண்டு தூங்கினா கடைசில ரெண்டு கார், கூட நாலஞ்சு பைக்கு அடுத்த பச்சைக்கு நிக்கணும். ஒரு கார் ஏசி போட்டு ஒண்ணரை நிமிஷம் சும்மா நின்னா 15, 20 மில்லி போயிடும். அதாவது நீங்க ரெண்டு மில்லி மிச்சம் புடிச்சு ஊருக்கு முப்பது நாப்பது மில்லி செலவு வெக்கறீங்க.

இதுல இன்னொரு கொடும இன்னான்னா அந்த ரெண்டு மில்லியும் நெஜமா மிச்சம் ஆவறதில்ல. பெட்ரோல் இன்ஜின் லேசா மிதிச்சு பர்ஸ்ட் கியர்லயே இழுத்துகினு போறப்ப தான் மட்டமா வேலை செய்யும், இன்ஜினுக்கு காத்து வுடற த்ராட்டில் பாதி மூடி இருக்கறதால காத்த உள்ள இழுக்கவே அது கஷ்டப்படுது. கொஞ்சம் தாராளமா மிதிச்சு ரெண்டாயிரம் ஆர்பிஎம் சுத்துவட்டாரத்துல டக் டக்னு மேல் கியருக்கு மாத்தி 40க்கு போய் அங்க இருந்து கால லேசாக்கறது தான் சிக்கனம், சிக்னலும் காலி ஆவும். பெரிய மாஸ்டர் சொல்றது பஸ்ஸுக்கு சரியா இருக்கலாம், உள்ள கம்பிய புடிச்சு நிக்கற ஆளுங்க விழக்கூடாது, டீசல் இன்ஜினுக்கு அந்த த்ராட்டில் தொல்லையும் கெடையாது. காருக்கு அத அப்படியே போடறது எனக்கு சரியா படல. நான் கிளாஸ்லயே சொன்னேன், "இன்னா சார் அவசரம், எங்க போவுது ரோடு"ன்னு சிரிச்சுட்டாரு. சிஎம்சி ஆஸ்பத்திரி வாசல்ல, ஸ்கடர் ரோட்ல, எந்நேரமும் ஆம்புலன்ஸ் வந்துகினு இருக்கற எடத்துல ரோடு எங்கயும் போகாது சார், பின்னாடி இருக்கற ஆம்புலன்ஸும் எங்கயும் போக முடியாது, அதான் பிரச்சன.

சிக்னல்ல இன்ஜின் ஆஃப் பண்றது மட்டும் நான் ஒத்துக்கறேன். பத்து செகண்டுக்கு மேல நிக்கறதா இருந்தா ஆஃப் பண்றது லாபம்னு பொதுவா சொல்றாங்க, இப்ப இருக்கற இன்ஜெக்ஷன் வண்டி ஸ்டார்ட் ஆவறதுக்குன்னு தனியா ஒண்ணும் பெருசா குடிக்கறதில்ல. டைமர் ஓடற சிக்னல்னா ஈஸி, பத்து பாக்கி இருக்கறப்ப ஸ்டார்ட் பண்ணி கியர் போட்டு ரெடியா இருங்க. பச்சை விழுந்தப்புறம் சாவிய திருகறவங்க தயவு செஞ்சு ஆஃபே பண்ணாதீங்க. டைமர் வேலை செய்யாத சிக்னல்லயும் வேணாம். பேட்டரி வீக்கா இருந்தா கண்டிப்பா வேணாம், நடு ரோட்ல வண்டி கெளம்பாம நின்னா பின்னாடி இருக்கறவங்க எல்லாரோட மைலேஜும் உங்க கணக்குல ஏறிடும்.

சின்ன மாஸ்டர் விஷயத்துக்கு வர்றேன். எறக்கத்துல நியூட்ரல் போட்டு உருட்டுங்கன்னு சொல்லித்தர்றாரு. லாரிக்காரங்க பழைய பழக்கம் இது, கார்புரேட்டர் காலத்துல இதுக்கு ஒரு அர்த்தம் இருந்துது. இன்ஜெக்ஷன் வண்டில மேல சொன்ன மாதிரி கியர்ல உருண்டா பெட்ரோல் ஜீரோ, நியூட்ரல்ல உருண்டா இன்ஜின் நின்னு போகாம இருக்க ஐடிலிங்க்கு குடிச்சுகினே இருக்கும். சமதள ரோட்ல நியூட்ரல்ல ரொம்ப தூரம் உருளும், அத வெச்சு லாபம்னு வாதாடறவங்க உண்டு, ஆனா திடீர்னு குறுக்க ஒரு மாடு வந்தா கியர தேடிகினு இருக்கணும். இன்னொண்ணு அவர் சொன்னது, லாரி பின்னாடி ஒட்டிகினு போனா காத்து தடுக்கும் மைலேஜ் வரும்னு. வரும் தான், எமனும் வருவான். லாரி டிரைவருக்கு நீங்க அங்க இருக்கறதே கண்ணாடில தெரியாது. ஒட்டிகினு போறப்ப லாரிய தாண்டி ரோடும் தெரியாது, அப்ப பெரிய மாஸ்டர் சொன்ன மொத பாடமே அடி வாங்குது. ஒரே கிளாஸ்ல ஒரு மாஸ்டர் தூரமா பாருன்றாரு இன்னொருத்தர் லாரி முதுக பாருன்றாரு, நிர்வாகத்துல யாராவது இத கவனிச்சாங்களான்னு தெரியல.

மலை கிளாஸ் ஏலகிரில. காசு தனி தான், ஆனா மொத்த பேக்கேஜ்ல இது தான் பெஸ்ட்டு. பதினாலு வளைவு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு புலவர் பேரு இல்லன்னா வள்ளல் பேரு, பாரி வளைவுல தான் எனக்கு ரெண்டாவது கியரோட அருமை புரிஞ்சுது. ஏறறப்ப எந்த கியர்ல ஏறினியோ எறங்கறப்பவும் அதே கியர்ல எறங்கு, பிரேக்க தொட்டு தொட்டு வுடு, காலு வெச்சுகினே இருக்காத, இது பெரிய மாஸ்டர் பாடம். கால எடுத்துட்டு கியர்ல எறங்கினா மீட்டர்ல மைலேஜ் 99.9னு போய் ஒக்காந்துக்குது, மலை எறங்கற வரைக்கும் பெட்ரோல் கிட்டத்தட்ட சும்மா. அதோட பிரேக் சூடாகாது. நியூட்ரல்ல எறங்கறவங்களுக்கு பாதி மலைலயே பிரேக் வாசன வந்துடும், அப்புறம் மிதிச்சா பிடிக்காது, அங்க நின்னு ஆற வெச்சுட்டு தான் போணும், அந்த குறுகின ரோட்ல ஒரு கார் நின்னா மேல இருந்து வர்றவங்க கீழ இருந்து வர்றவங்க எல்லாரும் நிக்கணும். ஏறறவங்களுக்கு வழி வுடறதும் இந்த பாடத்துல தான் வருது, ஏறற வண்டி வளைவுல நின்னா மறுபடி கெளப்ப பர்ஸ்ட் கியர்ல அலற வுடணும், எறங்கற நீங்க ஒரு நிமிஷம் ஒதுங்கி நின்னா உங்களுக்கு செலவே இல்ல. உங்க மிச்சமும் ரோட்டோட மிச்சமும் இங்க ஒண்ணா சேருது, சிக்னல் பாடத்தயும் இதே கண்ணோட்டத்துல அவர் சொல்லித்தந்திருந்தா நாலரை மார்க் போட்டிருப்பேன்.

ஸ்டியரிங் கீழ கார் கம்ப்யூட்டர் தகவல எடுக்கறதுக்கு இருக்கற ஓபிடி சாக்கெட்ல மாட்டற ப்ளூடூத் மீட்டர் ஒண்ணு ஸ்கூல்லயே விக்கறாங்க, போன்ல ஆப் போட்டா அந்த நிமிஷம் என்ன மைலேஜ்னு காட்டும். வாங்காதீங்க. அதே சாமான் ஆன்லைன்ல மூணுல ஒரு பங்கு வெலைக்கு கெடைக்குது, நிறைய புது கார்ல டிஸ்பிளேலயே வருது. அத பாத்துகினே ஓட்டறதும் ஆபத்து, ரோட்ட பாக்கறத விட்டுட்டு நம்பர பாத்துகினு போறவங்க தான் அந்த 50ல ரைட் லேன் பார்ட்டி. மைலேஜ் தெரியணும்னா ஃபுல் டேங்க் போட்டு ஓட்டி திரும்ப அதே பங்க்ல ஃபுல் டேங்க் போட்டு பாருங்க, ஆட்டோ கட் ஆனதும் நிறுத்த சொல்லுங்க, ரவுண்டா ஐநூறு வரட்டும்னு பையன் பம்ப்ப அமுக்கிகினே இருப்பான், வுடாதீங்க.

எனக்கு கிடைச்ச ரிசல்ட்டு: டவுன்ல பதினஞ்சு சொச்சம் குடுத்துகினு இருந்தது இப்ப பதினேழு கிட்ட வருது, ஹைவேல வித்தியாசம் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி, அதுவும் பெரும்பாலும் ஸ்பீட கொறச்சதால. சிக்னல்ல நான் தொட்டில் ஆட்டறதில்ல, கெளம்பற நேரத்துல கெளம்பிடறேன், அப்படியும் இந்த பதினேழு வருதுன்னா அந்த பாடத்துக்கு என்ன மதிப்புன்னு நீங்களே பாத்துக்குங்க. காசு ஃபீஸ் அளவுக்கு திரும்பி வர்றதுக்கு மாசக்கணக்கா ஆவும், தினமும் ராணிப்பேட்டைக்கோ குடியாத்தத்துக்கோ கார்ல வேலைக்கு போய் வர்றவங்களுக்கு சீக்கிரம் வரும். ஞாயித்துக்கிழம கோயிலுக்கு மட்டும் வண்டி எடுக்கறவங்களுக்கு இது வேணாம், டயருக்கு காத்து அடிச்சாலே போதும்.

சேர்றவங்களுக்கு சில விஷயம். காலை பேட்ச் கேளுங்க, பதினோரு மணி பேட்ச்ல வெயில்ல செத்துடுவீங்க. செவ்வாக்கிழம எக்ஸ்ட்ரா கிளாஸ் வெக்கறோம்னு சொன்னா வேணாம்னுடுங்க, பொய்கை மாட்டுச் சந்தை நாள், ஹைவே ஓரம் பூரா வண்டியும் மாடுமா இருக்கும், கத்துக்கறதுக்கு ஆவாது. ஸ்கூல் கார்ல ஓட்டாதீங்க, கிளட்ச் கல்லு மாதிரி இருக்கு. டூ வீலருக்கு தனி பேட்ச் ஆரம்பிக்கப்போறதா சொல்றாங்க, நம்ம ஊர் ரோட்ல முக்காவாசி அவங்க தான், ஆரம்பிச்சா நல்லது. அட்மிஷன் போடறப்ப ஹைவே கிளாஸும் மலை கிளாஸும் பெரிய மாஸ்டர் தான் வருவாரான்னு கேட்டு வாங்கிட்டு அப்புறம் பணம் கட்டுங்க, எங்களுக்கு அடுத்த பேட்ச்ல மலைக்கு சின்ன மாஸ்டர அனுப்பிட்டாங்களாம்.